ஜெர்மனியில் பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர் வைக்கப் போகிறீர்களா? பதிவு அலுவலகத்துக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

என் மகள் பெயர் எழில். 2019 அக்டோபரில், ஜெர்மனியின் தென்மேற்கே நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சின்ன ஊரில் பிறந்தாள். பிறந்த ஆறாம் நாள் என் கணவர் பெயரைப் பதிவு செய்யப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்து நின்றார். "இந்தப் பேரை எழுத முடியாதாம்" என்றார். நான் தையல் போட்ட வயிற்றோடு கட்டிலில் சாய்ந்திருந்தேன். பேறுகாலம் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா, அடுப்பில் பூண்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டார்: "நம்ம பிள்ளைக்குப் பேரு வைக்கக்கூட இவங்ககிட்ட கேக்கணுமா?"

கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பது எங்களுக்கு அன்றைக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அடுத்த மூன்று வாரம் அப்படிக் கழிந்திருக்காது. அதன்பிறகு, இங்கே குழந்தை பெறும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுடன் அலுவலகத்துக்குத் துணையாகப் போயிருக்கிறேன். போகும்போதெல்லாம் ஒன்றைப் பார்க்கிறேன். ஆசை ஆசையாக ஒரு தமிழ்ப் பெயரை மனதில் வைத்திருப்பார்கள். "இங்கே ஒத்துக்கொள்ள மாட்டார்களாமே" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கடைசி நேரத்தில் மியா என்றோ நோவா என்றோ எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மியாவும் நோவாவும் நல்ல பெயர்கள்தான். பிடித்து வைத்தால் எனக்கும் மகிழ்ச்சி. பயந்து வைக்கிறார்களே, அதுதான் என் மனதை அறுக்கிறது. அதற்குத் தேவையே இல்லை. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நாம் கொஞ்சம் முன்கூட்டியே தயாராக வேண்டும், அவ்வளவுதான்.

விதி என்ன சொல்கிறது

பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு இங்கே ஷ்டாண்டஸ்அம்ட் என்று பெயர். "தடை செய்யப்பட்ட பெயர்கள்" என்று ஒரு பட்டியல் அவர்களிடம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. முதற்பெயரை இப்படித்தான் வைக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்லும் சட்டமும் கிடையாது. பிள்ளைக்குப் பெயர் வைப்பது பெற்றோரின் உரிமை. அரசியல் சட்டத்தின் 6வது பிரிவிலிருந்து வரும் உரிமை அது. அந்தப் பெயரால் குழந்தையின் நலன் கெடும் என்றால் மட்டுமே அலுவலர் மறுக்கலாம்.

நலன் எப்போது கெடும்? 2014இல் பிரேமன் நகர உயர் நீதிமன்றம் 'வால்ட்மைஸ்டர்' என்ற பெயரை மறுத்தது. அது ஒரு வாசனைச் செடி. இங்கே கடைகளில் பச்சைப் பசேலென்று ஜெல்லி விற்பார்களே, அதன் மணம் இந்தச் செடியின் மணம்தான். பிள்ளையைப் பார்த்தவுடன் ஊரே ஜெல்லியை நினைக்கும். 2017இல் காசல் நகரில் ஒரு பெற்றோர் 'லூசிஃபர்' என்று கேட்டார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போய், கடைசியில் லூசியன் என்று மாற்றிக்கொண்டார்கள். பெயர் எத்தனை வைக்கலாம் என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. ஒரு தாய் தன் மகனுக்குப் பன்னிரண்டு பெயர் கேட்டார். அதில் 'பிரிதிபி', 'பதார்' என்று நம் நாட்டுப் பக்கத்துச் சொற்களும் இருந்தன. ஐந்துக்கு மேல் வேண்டாம் என்று கீழ் நீதிமன்றங்கள் சொன்னதை 2004இல் அரசியல் சட்ட நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

நமக்கு மிகவும் வேண்டிய தீர்ப்பு 2008 டிசம்பர் 5ஆம் தேதி வந்தது. இந்தியத் தொடர்புள்ள ஒரு குடும்பம் தங்கள் மகளுக்குக் 'கிரண்' என்று பெயர் வைத்தது. ஒளிக்கதிர் என்று பொருள். வடக்கே ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். "பெயரைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, தெளிவான இரண்டாம் பெயர் ஒன்றையும் சேருங்கள்" என்றது அலுவலகம். பெற்றோர் விடவில்லை. கார்ல்ஸ்ரூவில் உள்ள அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனார்கள். பெயரிலிருந்தே பாலினம் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அந்தப் பெண் கிரணாகவே இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. எழில், மகிழ், கதிர், யாழ், இசை என்று நாம் ஆண் பெண் பார்க்காமல் வைக்கும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் அந்தக் குடும்பம் வழி திறந்துவிட்டது. யாரென்று எனக்குத் தெரியாத அந்தப் பெற்றோருக்கு நான் மனதுக்குள் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

இந்த நாட்டில் அரசு பெயரில் கை வைத்த இன்னொரு காலமும் உண்டு. 1938 ஆகஸ்டில் நாஜி அரசு ஓர் ஆணை போட்டது. யூதப் பெயர்கள் என்று அவர்கள் போட்ட பட்டியலில் இருக்கும் பெயர் இல்லாத யூதர்கள், 1939 ஜனவரி 1 முதல் ஆணாக இருந்தால் 'இஸ்ராயல்', பெண்ணாக இருந்தால் 'சாரா' என்று கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெயரைப் பார்த்தே ஆளைப் பிரிக்க அரசு போட்ட அடையாளம் அது. 1949இல் எழுதிய அரசியல் சட்டம் பெற்றோரின் உரிமையை இவ்வளவு உறுதியாகப் பேசுவதைப் படிக்கும்போது எனக்கு அந்த ஆணைதான் நினைவுக்கு வரும். ஆகவே அலுவலர் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள், கூனிக் குறுகவும் செய்யாதீர்கள். "குழந்தைக்கு இதனால் என்ன கெடுதல்?" என்ற ஒரே கேள்வியில் பேச்சை நிறுத்துங்கள்.

எழிலும் கழுதையும்

எங்கள் கதைக்கு வருகிறேன். பெயரைத் தேர்ந்தெடுத்தது என் அப்பா. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். குழந்தை பிறந்தது கார்த்திகை நட்சத்திரம். அ, இ, உ, எ என்ற எழுத்துகளில் பெயர் வர வேண்டும் என்று குடும்ப ஜோசியர் சொன்னார். அப்பா போனிலேயே "எழில்" என்றார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. (ஜாதகம் பார்க்கிற வழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜெர்மனி நேரத்தையும் பிறந்த ஊரையும் அப்படியே சொல்லுங்கள். நீங்களாக இந்திய நேரத்துக்கு மாற்றிச் சொன்னால், அவர்களும் ஒருமுறை மாற்றிக் கணக்கைக் குழப்பிவிடுவார்கள்.)

பாஸ்போர்ட்டில் நாம் வழக்கமாக எழுதுவது போல் இ, இசட், எச், ஐ, எல் என்று என் கணவர் எழுதிக் கொடுத்தார். பதிவு அலுவலராக இருந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மேசையிலிருந்து தடிமனான பெயர்ப் புத்தகத்தை எடுத்து 'இ' பக்கத்தைப் புரட்டினார். இல்லை. கணினியில் தேடினார். ஆண்களுக்கும் இந்தப் பெயர் இருந்தது. முதல் சிக்கல் அது. அப்புறம் வாய்விட்டுப் படித்தார்: "எட்ஸ்-ஹில்". ஜெர்மனில் இசட் என்றால் 'ட்ஸ்'. இன்னொரு முறை, இந்த முறை மெதுவாக, "ஏஸில்?" என்றார். சொல்லிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். ஜெர்மனில் 'ஏஸல்' என்றால் கழுதை. "ஐயா, நாளைக்கு உங்கள் மகள் கிட்டாவுக்குப் போவாள். பிள்ளைகள் இவளை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று யோசித்தீர்களா?" என்று கேட்டிருக்கிறார். கிட்டா என்பது இங்குள்ள மழலையர் காப்பகம்.

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அந்த அம்மாள் மேல் கோபம். அப்புறம் யோசித்தால், ஆணா பெண்ணா என்ற விஷயத்தில் அவர் சொன்னது தவறு, கழுதை விஷயத்தில் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அது பெயரின் குற்றமில்லை, எழுத்தின் குற்றம். நாம் பள்ளிக்கூடத்திலிருந்து எழுதிப் பழகிய எழுத்து முறை ஆங்கிலம் படிப்பவருக்கானது. ஜெர்மன் கண் அதை வேறு மாதிரி படிக்கும். இதைக் கர்ப்ப காலத்திலேயே பார்த்துவிடலாம்.

எப்படி என்றால், பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர், ரொட்டிக் கடையில் நிற்பவர், வீட்டுக்கு வரும் தாதி என்று மூன்று பேரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். எப்படிப் படிக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஜே என்ற எழுத்தை 'ய' என்பார்கள். ஜீவா என்று நீங்கள் எழுதியது 'யேவா' ஆகும். விஜய் படாத பாடுபடும். வி என்ற எழுத்தைப் பலர் 'ஃப' என்பார்கள், வெற்றி 'ஃபெட்ரி' ஆகிவிடும். டி, எச் சேர்த்து எழுதினால் 'த' வராது, வெறும் 'ட'தான் வரும். உயிரெழுத்துக்கு முன் வரும் எஸ், தேனீ ரீங்காரம் போல் ஒலிக்கும்.

அதைவிட முக்கியம், பெயரின் ஒலி இங்கே வேறு ஏதாவது சொல்லில் போய் முட்டுகிறதா என்று பார்ப்பது. சௌமியாவை எஸ், ஏ, யூ என்று தொடங்கி எழுதினால் முதல் அசை 'ஸாவ்', அதாவது பெண் பன்றி. திட்டுவதற்குப் பயன்படுத்தும் சொல். உமா, பாட்டியைக் குறிக்கும் 'ஓமா'வுக்கு அருகில் நிற்கும். பாட்டி என்று கூப்பிட்டால் யாருக்கும் நோகாது, தாராளமாக வைக்கலாம். முல்லை என்று ஒரு தோழி வைக்க நினைத்தாள். எனக்கு மிகவும் பிடித்த பெயர். ஆனால் 'ம்யூல்' என்றால் குப்பை, ஊரெல்லாம் அந்தச் சொல் ஒட்டிய தொட்டிகள். அவள் யோசித்துவிட்டு முல்லையை இரண்டாம் பெயராக வைத்தாள். 'அர்ஷ்' என்று தொடங்கும் பெயர்களை இங்கே முதற்பெயராக வைக்கவே வேண்டாம் என்பேன். பின்புறத்தைச் சொல்லும் கொச்சை வார்த்தை அது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை தினமும் அதைக் கேட்க வேண்டியிருக்கும்.

கவின் என்ற பெயர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அழகான தமிழ்ப் பெயர், எழிலுக்கு நெருங்கிய பொருள். ஆனால் இங்கே பலர் அதைக் 'கெவின்' என்று படித்துவிடுவார்கள். கெவின் என்ற பெயருள்ள பையன்கள் மேல் இந்த நாட்டில் ஒரு கெட்ட முன்முடிவு உண்டு. ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் 2009இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வில், கெவின் என்றாலே அடங்காத பிள்ளை, படிக்காத பிள்ளை என்று பல ஆசிரியர்கள் நினைப்பது வெளிவந்தது. பெயரைப் பார்த்தே பிள்ளையை எடை போடுகிறார்கள் என்பது எவ்வளவு கொடுமை! இதனால் கவின் வைக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டு வையுங்கள். 'கா' என்று நீட்டி இரண்டு ஏ போட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

எழிலுக்கு நாங்கள் என்ன செய்தோம்? எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வழி சொன்னார். ஈழத்துக் குடும்பங்கள் இங்கே நாற்பது ஆண்டாக இருக்கிறார்கள், அவர்கள் பட்டு அறிந்தது நிறைய. 'ழ'வுக்கு அவர்களில் பலர் எல் போடுவார்கள். யாழினியை 'யாலினி' என்று எழுதுவார்கள். "எல் போட்டு எழுதுங்கோ தங்கச்சி, வாசிக்கிறவன் கிட்டத்தட்டச் சரியாச் சொல்லுவான்" என்றார். இ, எல், ஐ, எல். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் காட்டினேன். "ஏலில்" என்றார். எங்கள் திருநெல்வேலிப் பேச்சில் வாழைப்பழமே வாளைப்பளம்தான். அவர் சொன்னது என் காதுக்கு உறுத்தவே இல்லை.

அப்பாவுக்குச் சொல்லத்தான் பயம். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு 'ழ' சொல்லிக் கொடுத்தவர். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். "எழுத்து அவங்களுக்கு. பேரு நமக்கு. தமிழ்ல எழுதும்போது ழகரம் போடு, கூப்பிடும்போது நாக்கை மடிச்சுக் கூப்பிடு" என்றார். இன்றைக்கும் அவர் ஞாயிற்றுக்கிழமை அழைத்ததும் முதலில் பேத்தியைத்தான் அவள் பெயரைச் சொல்லச் சொல்லுவார்.

நாள் கணக்கும் காகிதங்களும்

பிறப்பை ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தெரிவித்துவிடுவார்கள். பிரசவ வார்டிலேயே பெயர்ப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், உடனே நிரப்பியாக வேண்டும் போல இருக்கும். தேவையில்லை. பெயரைப் பிறந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்தால் போதும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நட்சத்திரம் பார்த்து, பதினாறாம் நாள் பெயர் சூட்டுகிற நம் வழக்கத்துக்கு இது தாராளம். ஆனால் முழு மாதத்தையும் இழுக்காதீர்கள். பெயர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் பெற்றோர் உதவித்தொகையான எல்டர்ன்கெல்ட் நகராது. விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாதத்துக்குத்தான் அதைப் பின்தேதியிட்டுத் தருவார்கள்.

பெற்றோர் இருவரின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், இங்கே அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு, பாஸ்போர்ட் எல்லாம் வேண்டும். இதில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது. சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருக்கும். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் விரித்து எழுதியிருக்கும். பெற்றோரின் அடையாளத்தில் ஐயம் வந்தால் முழுமையான சான்றிதழ் தர மாட்டார்கள். ஐயத்தைக் குறிப்பிட்டு, பதிவேட்டின் சான்றிட்ட நகலைத்தான் தருவார்கள். எங்கள் திருமணச் சான்றிதழைச் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகம் வழியாகச் சரிபார்க்க மாதக்கணக்கில் ஆயிற்று. ஆகவே கர்ப்பம் உறுதியான மாதமே அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் கேட்பது மாறும். அடுத்த ஊர்க்காரர் சொன்னதை நம்பாதீர்கள்.

பெயருக்கான சான்று தனி. அவர்கள் புத்தகத்தில் இல்லாத பெயர் என்றால், நம் நாட்டில் இது பெயராக வழங்குகிறது என்று காட்ட வேண்டும். நாங்கள் இரண்டாம் முறை போனபோது, கிரண் தீர்ப்பின் அச்சுப்படி, என் சித்தி பேத்தியின் பாஸ்போர்ட் நகல் இரண்டையும் கொண்டுபோனோம். அவளும் எழில்தான், பாலினம் என்ற இடத்தில் பெண் என்று இருந்தது. அந்த அம்மாள் இரண்டையும் பொறுமையாகப் படித்தார். பிறகு லைப்சிக் பல்கலைக்கழகத்தின் பெயர் ஆலோசனை மையத்துக்கு அவரே போன் போட்டார். பத்து நிமிடம் பேசினார். வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எட்டிப் பார்த்து, "ஏலில்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பதிவு ஆகிவிட்டது. அப்படி ஒரு உறவுக்காரர் நகல் உங்களுக்குக் கிடைக்காவிட்டால், இந்தியத் தூதரகத்தில் கடிதம் கேட்டுப் பாருங்கள். வீஸ்பாடனில் உள்ள ஜெர்மன் மொழிக் கழகமும் கட்டணம் வாங்கிக்கொண்டு பெயருக்குச் சான்று தருகிறது.

குடும்பப் பெயர்

முதற்பெயருக்குக் கவலைப்படும் அளவுக்கு இதற்கு யாரும் கவலைப்படுவதில்லை, உண்மையில் இதுதான் பெரிய சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. அதனால் இங்கே மருத்துவர் முதல் தபால்காரர் வரை என்னைக் கூப்பிடுவது அப்பா பெயரைச் சொல்லித்தான். கணவரைக் கூப்பிடுவது மாமனார் பெயரைச் சொல்லி. ஜெர்மன் சட்டப்படி பிள்ளைக்கு இந்த இரண்டில் ஒன்று குடும்பப் பெயராக வரும். 2025 மே 1 முதல் இரண்டையும் சேர்த்து இரட்டைப் பெயராகவும் வைக்கலாம். முதல் பிள்ளைக்கு முடிவு செய்தது அடுத்த பிள்ளைகளுக்கும் பொருந்தும், ஆகவே அவசரப்பட வேண்டாம்.

நம் வழக்கப்படி அப்பாவின் சொந்தப் பெயர்தான் பிள்ளைக்குப் பின்னால் வர வேண்டும், தாத்தா பெயர் அல்ல என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பெற்றோர் இந்தியக் குடிமக்கள் என்றால், பெயருக்கு இந்தியச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்த சிலர் அப்படிச் செய்தார்கள். ஆனால் அப்பாவுக்கு ஒரு குடும்பப் பெயர், மகளுக்கு ஒரு குடும்பப் பெயர், அம்மாவுக்கு மூன்றாவது என்று ஆகும். விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டும். நாங்கள் மாமனார் பெயரையே எடுத்துக்கொண்டோம். தமிழில் எழுதும்போது அவளுக்கு இனிஷியல் அவள் அப்பாவினுடையதுதான். நான் அவளோடு தனியாகப் பயணம் போனால் பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று பையில் இருக்கும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்கள், குழந்தை பிறப்பதற்கு முன்பே நம் தூதரகத்தில் அதைச் சரிசெய்து புதுப் பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். பிறந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கியவர்கள் பட்ட அலைச்சலைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். குழந்தை இந்தியக் குடியுரிமையோடு வளரப் போகிறது என்றால், பிறந்த ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அதற்குப் பன்மொழிப் பிறப்புச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

மறுத்தால்

"முடியாது" என்று வாயால் சொல்வதைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். எங்கள் வீட்டில் நடந்த தவறு அதுதான். மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர வேண்டும் என்றதும் பல அலுவலர்கள் இன்னொரு முறை யோசிப்பார்கள், மேலாளரைக் கேட்பார்கள், அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், பதிவு செய்யும்படி அலுவலகத்துக்கு உத்தரவிடக் கேட்டு உள்ளூர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் கட்டத்தில் வழக்கறிஞர் கட்டாயமில்லை. சண்டை போட விருப்பமில்லை, குழந்தைக்குச் சீக்கிரம் காகிதம் வேண்டும் என்பவர்கள், பாலினம் தெரியும் இரண்டாம் பெயரைச் சேர்த்துவிட்டு வருவதும் உண்டு. அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் கட்டாயம் என்று யாராவது சொன்னால் அது பொய்.

வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். விதி நாட்டுக்கு நாடு மாறும். டென்மார்க்கில் ஏற்றுக்கொண்ட பெயர்களின் பட்டியல் உண்டு, அதில் இல்லாததற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். நியூசிலாந்தில் பதவிப் பெயர்களை ஏற்க மாட்டார்கள். நம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் சர்வசாதாரணமான பிரின்ஸ், அங்கே அடிக்கடி மறுக்கப்படும் பெயர்களில் ஒன்று. ஐஸ்லாந்தில் பெயர்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. அங்கே 'பிளேர்' என்று ஒரு பெண். இளந்தென்றல் என்று பொருள். அது ஆண்பால் சொல் என்று மறுத்துவிட்டார்கள். அரசு ஆவணங்களில் பதினைந்து வயது வரை அவள் பெயர் வெறும் 'சிறுமி'. 2013இல் ரெய்க்யவிக் நீதிமன்றம் அவள் பெயரை அவளுக்குக் கொடுத்தது. 2019இல் பெயரில் ஆண் பெண் பார்க்கும் விதியையே அந்த நாடு எடுத்துவிட்டது.

கடைசியாக, பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் அச்சிட்ட படியைக் காட்டுவார்கள். குழந்தை அழும், பின்னால் அடுத்தவர் காத்திருப்பார், அலுவலர் பேனாவை நீட்டுவார். அவசரப்படாதீர்கள். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். முதற்பெயர், குடும்பப் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர் எல்லாவற்றையும். வெளிப்படையான எழுத்துப்பிழையை அலுவலகமே திருத்தும். மற்றவற்றுக்கு நீதிமன்ற உத்தரவு வேண்டியிருக்கும். எங்கள் படியில் என் அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. என் கணவர் மூன்றாம் முறை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. அந்த அம்மாள் திருத்தி, புதிதாக அச்சடித்துக் கொடுத்தார்.